மாத்திரை ஸ்டாக்ல இருக்கு, ஆளுக்குப் போய்ச் சேர்ந்துச்சா? மருந்து ஆய்வுக்குப் புதுசா வர்றவங்களுக்கு

முதல் வாரம் எந்த ஃபார்மும் எடுத்துட்டுப் போகாதீங்க. உங்க ஊர் பக்கத்துல இருக்கற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு, அதான் நாம பிஎச்சின்னு சொல்றது, காலையில எட்டரைக்குப் போயி மெடிக்கல் ஆபீசர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு மருந்து குடுக்கற ஜன்னல் பக்கத்துல ஓரமா ரெண்டு மணி நேரம் நில்லுங்க. ஓபி சீட்டு உள்ள போகுது, மாத்திரை வெளிய வருது, நடுவுல எவ்வளவு நேரம் ஆகுது, பார்மசிஸ்ட் என்ன சொல்றாங்க, வாங்கறவங்க அதுல என்ன புரிஞ்சுக்கிட்டு நகர்றாங்க, யாரு திரும்பி வந்து "இது எப்ப போடணும்மா"ன்னு கேக்கறாங்க, யாரு கேக்கவே இல்லாம பைக்குள்ள போட்டுட்டுப் போறாங்க, இதெல்லாம் பாருங்க. இந்த ரெண்டு மணி நேரத்துல கிடைக்கறது எந்த டேட்டாபேஸ்லயும் கிடைக்காது. நான் எம்பிஎச்ங்கற பொது சுகாதார மேற்படிப்பு முடிச்சு இந்த வேலைக்கு வந்தப்ப நேரா கம்ப்யூட்டர் ஸ்டாக் ரிப்போர்ட்ல இருந்துதான் ஆரம்பிச்சேன், மருந்து எல்லாம் இருக்குன்னு ரிப்போர்ட் சொல்லுச்சு, நானும் அப்படியே நம்பினேன். ஆறு மாசம் கழிச்சு ஃபீல்டுக்குப் போனப்பதான் என் கேள்வியே தப்புன்னு தெரிஞ்சுது.

மருந்து விஷயத்துல "இருக்கு"ங்கற ஒரு வார்த்தைக்குள்ள நாலு விஷயம் ஒளிஞ்சிருக்கு. குடோன்ல இருக்கா, டாக்டர் அதை எழுதினாரா, ஜன்னல்ல கையில குடுத்தாங்களா, வீட்டுக்குப் போன பிறகு சரியான நேரத்துக்கு சரியான அளவுல வாய்க்குள்ள போச்சா. நாலுக்கும் நடுவுல ஒவ்வொரு இடைவெளி இருக்கு, அந்த இடைவெளியை அளக்கறதும் ஏன் வருதுன்னு கண்டுபிடிக்கறதும்தான் நம்ம வேலை. 1985ல நைரோபியில உலக சுகாதார நிறுவனம் ஒரு மாநாடு போட்டு மருந்தை முறையா பயன்படுத்தறதுன்னா என்னன்னு ஒரு வரையறை வச்சாங்க: நோயாளியோட தேவைக்கு ஏத்த மருந்து, அவங்களுக்கு ஏத்த அளவுல, போதுமான நாளைக்கு, அவங்களுக்கும் சமூகத்துக்கும் முடிஞ்ச வரைக்கும் குறைஞ்ச செலவுல. இதை எழுதி மேஜைக்கு மேல ஒட்டிக்கோங்க, உங்க ஆய்வுக் கேள்வி இதுல எந்தத் துண்டைத் தொடுதுன்னு அடிக்கடி பாத்துக்கலாம்.

மருந்து எங்க இருந்து வருதுன்னு தெரிஞ்சுக்கோங்க

தமிழ்நாட்டுல வேலை பாக்கப் போறீங்கன்னா டிஎன்எம்எஸ்சி, அதாவது அரசு ஆஸ்பத்திரிங்களுக்கு மருந்து வாங்கிக் குடுக்கற கழகம், எப்படி ஓடுதுன்னு தெரியாம ஒரு அடியும் வைக்க முடியாது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994ல பதிவாச்சு, 1995 ஜனவரியில இருந்து மருந்து சப்ளை பண்ண ஆரம்பிச்சாங்க. அதுக்கு முன்னாடி கொள்முதல் பல கையில சிதறிக் கிடந்துச்சு, ஒரே மருந்துக்கு இடத்துக்கு இடம் வேற விலை. கழகம் வந்த பிறகு ஒரு அத்தியாவசிய மருந்துப் பட்டியல், மாநிலத்துக்கே ஒரே டெண்டர், அதுல டெக்னிக்கல் தனிக் கவர், விலை தனிக் கவர். மாவட்ட வேர்ஹவுஸ்ல சரக்கு வந்து இறங்கினதும் பேட்ச் பேட்ச்சா சாம்பிள் எடுத்து, கம்பெனி பேர் தெரியாத மாதிரி ரகசிய எண் போட்டு லேபுக்கு அனுப்பறாங்க, ரிசல்ட் பாஸ் ஆன பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போகும். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பாஸ்புக்குன்னு ஒண்ணு வச்சாங்க, பேங்க் பாஸ்புக் மாதிரியேதான், உங்களுக்கு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுக்கலாம்னு வரவு, எடுத்தது செலவு. எந்த மருந்து வேணும்னு அந்த ஆஸ்பத்திரியே தன் தேவையைப் பாத்து இன்டென்ட் போடலாம். இந்த முறையைப் பாத்துத்தான் பின்னாடி கேரளா, ராஜஸ்தான் எல்லாம் கழகம் ஆரம்பிச்சாங்க, ராஜஸ்தான்ல 2011 அக்டோபர் 2ல இலவச மருந்துத் திட்டமே தொடங்கினாங்க.

இதை எதுக்கு இவ்வளவு சொல்றேன்னா, நாளைக்கு ஒரு பிஎச்சியில ஒரு மாத்திரை இல்லன்னா காரணம் எந்தப் படியில இருக்குன்னு நீங்க சொல்லணும். டெண்டர் முடியலையா, லேப் ரிசல்டுக்குக் காத்திருக்கா, பாஸ்புக்ல பணம் தீர்ந்துச்சா, இன்டென்ட் குறைவா போட்டாங்களா, வேர்ஹவுஸ்ல இருந்து வண்டி வரலையா? அஞ்சுக்கும் அஞ்சு வேற தீர்வு. "மருந்துத் தட்டுப்பாடு"ன்னு ஒரே வார்த்தையில எழுதற ஆய்வால யாருக்கும் உபயோகம் இல்ல.

மூணு பட்டியல் கையில இருக்கணும். உலக சுகாதார நிறுவனத்தோட அத்தியாவசிய மருந்துப் பட்டியல் (1977ல முதல்ல வந்தது, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை புதுசாக்கறாங்க), இந்திய தேசியப் பட்டியல் 2022 (384 மருந்து), அப்புறம் கழகத்தோட பட்டியல். மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரு நாள் முழுக்கப் படிங்க. இலங்கையில இருந்து இதைப் படிக்கறவங்களுக்கு சொல்லவே வேணாம், மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே 1971லயே அரசு மருந்தாக்கக் கூட்டுத்தாபனம் மூலமா இந்த அத்தியாவசிய மருந்து யோசனையை நடைமுறையில காட்டிட்டாரு, உலகப் பட்டியல் வர்றதுக்கு ஆறு வருஷம் முன்னாடி.

கேள்வியைச் சின்னதாக்குங்க, அனுமதியை சீக்கிரம் கேளுங்க

"தமிழ்நாட்டில் மருந்து அணுகல்"னு தலைப்பு எழுதிட்டு வர்ற பிள்ளைங்களைப் பாத்தா எனக்கு பயமாத்தான் இருக்கு, அது பத்து பேருக்கு பத்து வருஷ வேலை. இப்படி சின்னதாக்குங்க: ஒரு வட்டாரத்துல இருக்கற பிஎச்சிங்கள்ல சுகர், பிரஷர் மாத்திரை போன ஒரு வருஷத்துல எத்தனை நாள் இல்லாம இருந்துச்சு, அந்த நாள்ல நோயாளிங்க என்ன பண்ணாங்க. இதுக்கு பதில் கண்டுபிடிக்க முடியும், கண்டுபிடிச்சா யாராவது ஒருத்தர் எதையாவது மாத்தவும் முடியும்.

எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வேணும், அதுக்கு ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதலைப் படிச்சுட்டுப் போங்க. அதோட பொது சுகாதாரத் துறை அனுமதி, மாவட்ட சுகாதார அலுவலர்கிட்ட கடிதம், ரெண்டும் தனித்தனி. இதுக்கே ரெண்டு மூணு மாசம் ஆகும்னு வச்சுக்கோங்க. சீட்டுல இருந்து நோயாளி பேரு, டாக்டர் பேரு ரெண்டையுமே எழுதிக்காதீங்க, போட்டோ எடுத்தா பேர் இருக்கற இடத்தை மறைச்சுட்டு எடுங்க. பார்மசிஸ்ட்கிட்ட முதல் நாளே "நான் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வரல, ஸ்டாக் குறைஞ்சா உங்க மேல எழுத மாட்டேன்"னு வாய் விட்டு சொல்லுங்க. அந்த ஒருத்தர் பயந்துட்டா உங்களுக்கு ஒரு உண்மையும் கிடைக்காது.

ஸ்டாக் ரிஜிஸ்டரைப் பின்னோக்கிப் படிங்க

புதுசா வர்றவங்க பண்றது, லிஸ்ட் எடுத்துட்டுப் போயி "இன்னைக்கு இருக்கா இல்லையா"ன்னு டிக் அடிக்கறது. அதுவும் வேணும், ஆனா அது ஒரு நாள் போட்டோ மாதிரி. நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்சு பக்கத்து பிஎச்சியில இருந்து கடன் வாங்கி வச்சிருக்கலாம், இல்ல நேத்துதான் வண்டி வந்திருக்கலாம்.

அதனால 20 முதல் 30 மருந்து தேர்ந்தெடுத்துக்கோங்க. மெட்ஃபார்மின், அம்லோடிபைன், அமாக்சிசிலின், பாராசிட்டமால் சிரப், ஓஆர்எஸ், சால்பியூட்டமால், இரும்புச் சத்து மாத்திரை, ஆக்சிடோசின் ஊசி, பாம்புக்கடி ஊசி மருந்து, இந்த மாதிரி எல்லா வயசு எல்லா நோயும் கொஞ்சம் கொஞ்சம் வர்ற மாதிரி. ஒவ்வொண்ணுக்கும் ஸ்டாக் பக்கத்தைத் திறந்து இருப்பு சைபர் ஆன தேதியும் அடுத்து வரவு ஆன தேதியும் குறிங்க. மார்ச் 6ல சைபர், மார்ச் 29ல வரவுன்னா 23 நாள். இப்படியே 12 மாசத்துக்குக் கூட்டினா அந்த மருந்து வருஷத்துல எத்தனை நாள் இல்லன்னு வந்துரும். இந்த எண்ணுக்கு முன்னாடி "அன்னைக்கு 90 சதவீதம் இருந்தது"ங்கற எண்ணு ஒண்ணுமே இல்ல.

அப்புறம் அலமாரிக்குப் போயி கையால எண்ணுங்க. ரிஜிஸ்டர்ல 2400, அலமாரியில 1900ன்னா உடனே திருட்டுன்னு முடிவு கட்டாதீங்க, பெரும்பாலும் காலையில சப் ஸ்டோருக்கு எடுத்து வச்சதை சாயங்காலம்தான் என்ட்ரி போடுவாங்க. எக்ஸ்பயரி ஆன ஸ்டாக் இருந்தா அது "இல்ல"ன்னுதான் கணக்கு. ஃபிரிட்ஜைத் திறந்து பாருங்க, ஆக்சிடோசின், இன்சுலின் எல்லாம் 2ல இருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும், டெம்பரேச்சர் நோட்டுல முப்பது நாளும் ஒரே எண்ணு ஒரே பேனாவுல எழுதியிருந்தா அதையும் குறிச்சுக்கோங்க, ஆனா அங்க வச்சு யாரையும் கேள்வி கேக்காதீங்க.

சீட்டு எண்ணறது

மருந்து பயன்பாட்டுக்கு உலக சுகாதார நிறுவனமும் ஐஎன்ஆர்யுடிங்கற, மருந்தை முறையா பயன்படுத்தறதுக்கான சர்வதேச அமைப்பும் சேர்ந்து 1993ல ஒரு கையேடு போட்டாங்க, இன்னைக்கும் முதல் ஆய்வுக்கு அதுதான் அடித்தளம். டாக்டர் மருந்து எழுதறதை அளக்க அஞ்சு குறியீடு: ஒரு சீட்டுக்கு சராசரி எத்தனை மருந்து, எத்தனை ஜெனரிக் பேர்ல (கம்பெனி பிராண்டு பேர் இல்லாம, மருந்தோட சொந்தப் பேர்ல), எத்தனை சீட்டுல ஆன்டிபயாட்டிக், எத்தனை சீட்டுல ஊசி, எத்தனை மருந்து அத்தியாவசியப் பட்டியல்ல இருந்து. ஒரு பகுதியோட நிலைமை சொல்லணும்னா 20 நிலையம், ஒவ்வொண்ணுலயும் 30 சீட்டு, மொத்தம் 600. ஒரே ஒரு நிலையம்னா 100 சீட்டாவது.

உதாரணத்துக்கு 30 சீட்டுல மொத்தம் 96 மருந்து எழுதியிருந்தா சராசரி 3.2. 30ல 14 சீட்டுல ஆன்டிபயாட்டிக்னா 46.7 சதவீதம். இங்க அடிக்கடி நடக்கற தப்பு, மருந்தோட எண்ணிக்கையில வகுக்கறது. ஆன்டிபயாட்டிக்குக்கும் ஊசிக்கும் வகுக்க வேண்டியது சீட்டுதான், ஒரே சீட்டுல ரெண்டு ஆன்டிபயாட்டிக் இருந்தாலும் அது ஒரு சீட்டுதான்.

எண்ண ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே சில விஷயத்தை முடிவு பண்ணி எழுதி வச்சுக்கணும். ரெண்டு மருந்து சேர்ந்த மாத்திரை ஒண்ணுன்னுதான் கணக்கு. தடுப்பூசியை ஊசிக் கணக்குல சேக்கக் கூடாது. மெட்ரோனிடசோல் ஆன்டிபயாட்டிக்கா இல்லையான்னு டீம்ல எல்லாரும் ஒரே மாதிரி முடிவெடுக்கணும், இல்லன்னா உங்க எண்ணும் உங்க ஃப்ரெண்ட் எண்ணும் ஒட்டவே ஒட்டாது. எந்தக் காலத்து சீட்டுங்கறதும் முக்கியம், மழைக்காலத்துல மட்டும் எடுத்தா காய்ச்சல் சீட்டு நிறைஞ்சு ஆன்டிபயாட்டிக் எண்ணு தானா ஏறிரும். வருஷம் முழுக்கப் பரவலா எடுங்க, முடியலன்னா எந்த மாசத்துல எடுத்தோம்னாவது தெளிவா எழுதுங்க.

நிறைய தீசிஸ்ல "உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிற அளவு 1.6 முதல் 1.8 மருந்து"ன்னு ஒரு வரி இருக்கும், ஒருத்தரைப் பாத்து ஒருத்தர் எழுதி வர்றாங்க. அந்தக் கையேட்டை எடுத்துப் படிச்சுப் பாருங்க, அப்படி ஒரு இலக்கு அதுல கிடையாது. உங்க ஒப்பீடு உங்க மாவட்டத்துக்குள்ளயே இருக்கட்டும், இந்த பிஎச்சியில 3.2, பக்கத்து பிஎச்சியில 2.1, ஒரே மாதிரி நோயாளிங்கதான், ஏன் வித்தியாசம்? அந்தக் கேள்விதான் பேச வைக்கும்.

அரசு பிஎச்சியில ஜெனரிக் சதவீதம் உசரமாத்தான் வரும், ஏன்னா கழக மருந்தே ஜெனரிக் பேர்லதான் வருது, அதுல ரொம்ப நேரம் செலவழிக்க வேணாம். அதைவிட வெளிச் சீட்டைத் தேடுங்க. சின்னத் துண்டுப் பேப்பர்ல "இதை மட்டும் வெளிய வாங்கிக்கோங்க"ன்னு எழுதிக் குடுக்கறது எந்த ரிஜிஸ்டர்லயும் ஏறாது, கேட்டுக்கு வெளிய நின்னு நோயாளிங்களைக் கேட்டாதான் தெரியும். அதை எண்ணாத அணுகல் ஆய்வு பாதி ஆய்வுதான்.

ஆன்டிபயாட்டிக்குக்கு இன்னொரு அடுக்கு இருக்கு. 2017ல இருந்து உலக சுகாதார நிறுவனம் அதை ஆக்சஸ் (முதல்ல குடுக்க வேண்டியது), வாட்ச் (கவனமா குடுக்க வேண்டியது), ரிசர்வ் (கடைசிக்கு வச்சிருக்க வேண்டியது)னு மூணு குழுவா பிரிச்சிருக்காங்க. அமாக்சிசிலின், டாக்சிசைக்ளின், செஃபலெக்சின் ஆக்சஸ், அசித்ரோமைசின், சிப்ரோஃப்ளாக்சசின், செஃபிக்சைம் வாட்ச், கொலிஸ்டின், லினசோலிட் ரிசர்வ். உலக அளவுல பயன்படுத்தறதுல ஆக்சஸ் குழு பங்கு 2030க்குள்ள 70 சதவீதமாவது இருக்கணும்னு 2024ல ஐநா பொதுச்சபையில ஒத்துக்கிட்டாங்க. உங்க 14 சீட்டுல எத்தனை அசித்ரோமைசின்னு பாருங்க, சளிக்கும் தொண்டை வலிக்கும் அதை எழுதற பழக்கம் எங்க இருக்கு எங்க இல்லன்னு உடனே கண்ணுக்குத் தெரியும்.

ஜன்னல்ல இருந்து வீடு வரைக்கும்

இதுதான் எல்லாரும் விட்டுடற பகுதி, என்னைக் கேட்டா இதுக்குத்தான் நிறைய நேரம் ஒதுக்கணும். கையேட்டுல இதுக்கும் அஞ்சு குறியீடு இருக்கு: டாக்டர் பாக்கற நேரம், மருந்து குடுக்கற நேரம், எழுதினதுல எத்தனை குடுத்தாங்க, எத்தனை கவர்ல ஒழுங்கா எழுதியிருக்கு, நோயாளிக்கு எப்படி சாப்பிடணும்னு தெரியுமா. ஸ்டாப்வாட்ச் வச்சு அளக்கறப்ப முகத்துக்கு நேரா போனைப் பிடிச்சுக்கிட்டு நிக்காதீங்க, அப்புறம் எல்லாரும் மெதுவா பேச ஆரம்பிச்சுருவாங்க.

கேக்கற விதம் முக்கியம். "மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களாம்மா"ன்னு கேட்டா தமிழ்நாட்டுல எல்லாரும் "ஆமாம்மா"தான். அதை அழிச்சுட்டு "நேத்து ராத்திரி என்ன மாத்திரை போட்டீங்க, எடுத்துக் காட்டுங்க"ன்னு கேளுங்க.

ஒரு கிராமத்துல இப்படிக் கேட்டப்ப ஒரு பாட்டி பழைய பிஸ்கட் டப்பாவை எடுத்துட்டு வந்தாங்க. திண்ணையில உக்காந்து மூடியைத் திறந்து ஒவ்வொண்ணா வெளிய வச்சாங்க, பாதி வெட்டின ஸ்டிரிப்பு, பேர் இருக்கற பக்கம் போயி வெறும் அலுமினிய முதுகு மட்டும் இருக்கற துண்டு, மூணு மாசத்துக்கு முந்தின காகிதக் கவரு, அதுமேல பால்பாயின்ட் பேனாவுல 1-0-1ன்னு எழுதினது வேர்வையில கலைஞ்சு போயிருக்கு. "பெரிய வெள்ளை சுகருக்கு, சின்ன வெள்ளை பிரஷருக்கு"ன்னு சொன்னாங்க. அந்தத் தடவை வேற கம்பெனி சப்ளை, சுகர் மாத்திரை வேற வடிவத்துல வந்திருந்துச்சு, பாட்டி புதுசா ஏதோ வலி மாத்திரை குடுத்திருக்காங்கன்னு நினைச்சு அதைத் தனியா எடுத்து வச்சுட்டாங்க, வலி வந்தப்ப மட்டும் ஒண்ணு போட்டிருக்காங்க. டப்பாவுல 26 மாத்திரை அப்படியே இருந்துச்சு. ரிஜிஸ்டர்ல அந்த 30 மாத்திரையும் வழங்கப்பட்டதுதான், சீட்டுல சரியா எழுதினதுதான், ஜன்னல்ல எண்ணிக் குடுத்ததுதான், எங்கயும் யாரும் தப்பு பண்ணல, ஆனா பாட்டிக்கு ஒரு மாசமா சுகர் மருந்து போகல.

அந்த டப்பா மாதிரி ஒரு 20 வீட்டுலயாவது பாருங்க. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டுல ஆரம்பிச்ச பிறகு நிறைய பேருக்கு வீட்டுக்கே மாத்திரை வருது, கொண்டு வர்ற தன்னார்வலர் அக்காவோட ஒரு நாள் முழுக்க நடங்க, எந்த வீட்டுல யாரு மாத்திரையை நிறுத்திட்டாங்க ஏன் நிறுத்தினாங்கன்னு அவங்களுக்குத் தெரிஞ்ச அளவுக்கு வேற யாருக்கும் தெரியாது.

விலை

இலவச மருந்துக்கும் விலை இருக்கு. போற நாள் கூலி, பஸ், காத்திருக்கற நேரம். பெண்களுக்கு டவுன் பஸ் 2021ல இருந்து கட்டணமில்ல, ஆம்பளைங்களுக்கு அப்படி இல்ல, அதனால சுகர் மாத்திரை வாங்க யாரு வர்றாங்க யாரு வரலன்னு ஆண் பெண் பிரிச்சுக் கேளுங்க.

தனியார் மெடிக்கல்ஸ்ல விலை எடுக்கறதுக்கு உலக சுகாதார நிறுவனமும் ஹெல்த் ஆக்‌ஷன் இன்டர்நேஷனலும் சேர்ந்து பண்ண முறை இருக்கு, 2003ல முதல்ல வந்து 2008ல திருத்தினாங்க. அதுல ஒரிஜினல் கம்பெனி பிராண்டு, குறைஞ்ச விலை ஜெனரிக் ரெண்டையும் எடுக்கச் சொல்லும். நம்ம ஊருல ஒரே மருந்துக்கு பிராண்டு எக்கச்சக்கம், அதனால அந்தக் கடையில அதிகமா விக்கற பிராண்டு விலையையும் சேத்து எடுங்க, ஏன்னா ஜனங்க உண்மையில வாங்கறது அதைத்தான். ஸ்டிரிப் விலையை அப்படியே எழுதாதீங்க, ஒண்ணுல 10 இருக்கும் ஒண்ணுல 15 இருக்கும், ஒரு மாத்திரை விலையா மாத்திக்கோங்க. இதுக்கு மேல விக்கக் கூடாதுன்னு வைக்கற உச்சவரம்பு விலையை என்பிபிஏவோட (தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம்) ஃபார்மா சஹி தாம் ஆப்ல பாக்கலாம். டிபிசிஓ 2013, அதாவது மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை படி அது எப்படி வருதுன்னா, சந்தையில 1 சதவீதமோ அதுக்கு மேலயோ பங்கு இருக்கற பிராண்டுங்களோட சராசரி விலை, அதுக்கு மேல சில்லறைக் கடைக்கு 16 சதவீதம். தயாரிப்புச் செலவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, சந்தை விலையே உசரமா இருந்தா உச்சவரம்பும் உசரமாத்தான் நிக்கும். இது பெரிய கொள்கைக் கேள்வி, புதுசா வர்றவங்க யாராவது இதை எடுத்துப் பண்ணா ரொம்ப சந்தோஷப்படுவேன். பக்கத்துல மக்கள் மருந்தகம், 2025 பிப்ரவரியில 1000 கடையோட தொடங்கின முதல்வர் மருந்தகம் எது இருந்தாலும் அங்கயும் அதே லிஸ்ட்டைக் கேளுங்க, விலை மட்டும் இல்ல, இருக்கா இல்லையாங்கறதையும்.

கட்டுப்படியாகுமாங்கறதுக்கு அந்த முறையில அரசாங்கத்தோட கடைசி நிலை ஊழியர் ஒரு நாள் சம்பளத்தை வச்சு அளப்பாங்க. நம்ம கிராமத்துல நிறைய பேருக்கு அவ்வளவு வரும்படி கிடையாது. நான் கூடவே நூறு நாள் வேலைக் கூலியையும் போடுவேன். 2024-25ல தமிழ்நாட்டுக்கு அறிவிச்சது 319 ரூபாய், மூணு மாத்திரைக்கு மாசச் செலவு 480ன்னு வச்சுக்கிட்டா ஒன்றரை நாள் கூலி. வீட்டுல புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் சுகர்னா மூணு நாள். இப்படி எழுதினா படிக்கற அதிகாரிக்கு உடனே புரியுது.

டிடிடி கணக்கு ஒரு தடவை கையால போட்டுப் பாருங்க

ஒரு ஊருல எவ்வளவு மருந்து போகுதுன்னு ஒப்பிட டிடிடின்னு ஒரு அலகு, பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு சராசரி அளவுன்னு வச்சுக்கோங்க. மெட்ஃபார்மினுக்கு 2 கிராம். ஒரு பிஎச்சியில மாசம் 500 மில்லிகிராம் மாத்திரை 30,000 போகுதுன்னா 15,000 கிராம், ரெண்டால வகுத்தா 7,500 டிடிடி, நாளைக்கு 250. அந்த பிஎச்சிக்கு உட்பட்ட ஜனத்தொகை 30,000ன்னா ஆயிரம் பேருக்கு ஒரு நாளைக்கு 8.3. இதை 250 பேர் சாப்பிடறாங்கன்னு படிச்சுடாதீங்க, எல்லாரும் நாளைக்கு ரெண்டு மாத்திரைன்னா அது 500 பேர். ஆன்டிபயாட்டிக்குக்குப் போடறப்ப அளவு எந்த வருஷத்துதுன்னு பாத்துக்கோங்க, அமாக்சிசிலினுக்கு 1 கிராமா இருந்ததை 2019ல 1.5ன்னு மாத்திட்டாங்க, பழைய கட்டுரையோட அப்படியே ஒப்பிட்டா ஒண்ணும் மாறாத இடத்துல குறைஞ்ச மாதிரி தெரியும்.

ஒரு கொள்கை வேலை செஞ்சுதான்னு பாக்கறது

முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை அளந்துட்டு "குறைஞ்சுருச்சு"ன்னு சொல்லாதீங்க, அது தானாவே குறைஞ்சுக்கிட்டு வந்திருக்கலாம். முன்னாடி 12 மாசம், பின்னாடி 12 மாசம், மாசா மாசம் எண்ணு வேணும். ஷெட்யூல் எச்1 விதியை எடுத்துக்கோங்க, 2014 மார்ச் 1ல நடைமுறைக்கு வந்துச்சு, சில ஆன்டிபயாட்டிக், காசநோய் மருந்தை எல்லாம் வித்தா கடைக்காரர் தனி ரிஜிஸ்டர்ல எழுதி மூணு வருஷம் வச்சிருக்கணும். அதுக்கு முன்னாடி ஏறிக்கிட்டு இருந்த கோடு அதுக்குப் பிறகு வளைஞ்சுதா, அந்தப் பட்டியல்ல இல்லாத ஆன்டிபயாட்டிக் கோடு எப்படிப் போச்சு, ரெண்டையும் பக்கத்துல வச்சாதான் ஏதாவது சொல்ல முடியும்.

நாமளே ஒரு மாற்றத்தை முயற்சி பண்றதும் இந்த வேலைதான். எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம் இந்தோனேசியாவுல 1990கள்ல பண்ணது. டாக்டர், நர்ஸுங்க "நோயாளிங்கதான் ஊசி கேக்கறாங்க, நாங்க என்ன பண்றது"ன்னு சொல்லிட்டிருந்தாங்க. ஆய்வாளருங்க ரெண்டு தரப்பையும் ஒரே அறையில உக்கார வச்சு பேச வச்சாங்க, ஊசி வேணும்னு ஜனங்க அந்த அளவுக்கு எதிர்பாக்கலன்னு அங்கயே தெரிஞ்சுது, அதுக்குப் பிறகு அந்த நிலையங்கள்ல ஊசி போடறது நல்லாவே குறைஞ்சுது. நம்ம ஊருலயும் "ஊசி போட்டாதான் போகும்"னு யாரு சொல்றாங்கன்னு ஒரு தடவை இப்படி உக்கார வச்சுப் பாக்கணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை.

இதுக்கெல்லாம் தேவைப்படற படிப்பு ஒண்ணும் எட்டாத உயரத்துல இல்ல. எக்செல் நல்லா வரணும், ஆர்ங்கற புள்ளியியல் மென்பொருளைக் கொஞ்சம் கத்துக்கோங்க, சென்னையில இருக்கற ஐசிஎம்ஆரோட தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் என்பிடெல்ங்கற ஆன்லைன் பாடத் தளத்துல ஆரம்ப நிலை ஆய்வு முறைக்கு ஆன்லைன் கோர்ஸ் நடத்தியிருக்காங்க, அதைப் பாருங்க. நர்ஸு, பார்மசிஸ்ட், பொருளாதாரம் படிச்சவங்க எல்லாருக்கும் இதுல இடம் இருக்கு.

யார்கிட்ட கொண்டு போறது

ரிப்போர்ட் முடிச்சதும் கண்டுபிடிச்சதை யாரால சரி பண்ண முடியும்னு பிரிங்க. கவர்ல எழுதறது, பெட்டி அடுக்கறது பார்மசிஸ்ட் கையில. இன்டென்ட் அளவு மெடிக்கல் ஆபீசர், வட்டார மருத்துவ அலுவலர் கையில. சப்ளை தாமதம் கழகம். பட்டியல்ல மருந்து சேக்கறது மாநில அளவு. ஒவ்வொருத்தருக்கும் ஒரே ஒரு பக்கம், மேல எண்ணு, கீழ அவங்க பண்ணக் கூடிய ஒண்ணு ரெண்டு விஷயம். அடுத்த வருஷத் தேவையைக் கணக்குப் போடற நேரம் எப்பன்னு கேட்டு வச்சுக்கிட்டு அதுக்கு முன்னாடி கொண்டு போங்க, அது முடிஞ்ச அடுத்த வாரம் போனா ஒரு வருஷம் போச்சு. "விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்"னு பரிந்துரை எழுதறதை தயவுசெஞ்சு நிறுத்துங்க.

எல்லாருக்கும் முன்னாடி அந்த ஜன்னலுக்குப் போயி பார்மசிஸ்ட்கிட்ட காட்டுங்க, ஏன்னா டேட்டா குடுத்தது அவங்க. அந்த பிஸ்கட் டப்பா போட்டோவை நான் காட்டினப்ப அந்த பார்மசிஸ்ட் அம்மா ரொம்ப நேரம் பேசாம பாத்துட்டு, "ஸ்டிரிப்பைப் பேர் இல்லாத பக்கமா வெட்டிக் குடுக்கறது நான்தான், எனக்கு இது தோணவே இல்ல"ன்னாங்க. ஒரு நாளைக்கு இருநூறு பேருக்கு மேல குடுக்கற ஒருத்தர் மேல அதைக் குத்தமா போட முடியாது. அடுத்த தடவை போனப்ப அவங்களே சூரியன், நிலா படம் போட்ட ரெண்டு ரப்பர் ஸ்டாம்ப் செஞ்சு வச்சிருந்தாங்க, காலை மாத்திரை கவர்ல சூரியன், ராத்திரிக்கு நிலா, கம்பெனி மாறினா "இது உங்க பழைய சுகர் மாத்திரைதான், வடிவம்தான் வேற"ன்னு ஜன்னல்லயே ஒரு வரி. அந்தப் பாட்டி வீட்டுக்கும் போனேன். டப்பாவைத் திறந்து நிலா போட்ட கவரை எடுத்து, "இது ராத்திரிக்கு, நேத்து போட்டுட்டேன்"னு நான் கேக்கறதுக்கு முன்னாடியே காட்டினாங்க.